கல்லூரிக் காலத்துக் காசு: வாசகர் கேள்வி பதில்

கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதிக் கட்டணத்தையும் மெஸ் பில்லையும் அப்பா நேராகக் கல்லூரிக்கே கட்டிவிடுகிறார். கைச்செலவுக்கு 1ஆம் தேதி 6,000 ரூபாய் அனுப்புகிறார். 20ஆம் தேதிக்கு மேல் கைமாற்று வாங்கித்தான் ஓட்டுகிறேன். வீண் செலவு செய்வதாகவும் தெரியவில்லை. பணம் எங்கேதான் போகிறது?

வங்கிச் செயலியிலிருந்து கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள். ஜிபே, போன்பே பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவருக்கு ஒன்றில் பாதிச் செலவுதான் தெரியும். யூபிஐ லைட் (முன்கூட்டியே பணம் ஏற்றி, பின் எண் இல்லாமல் சிறு தொகை கட்டும் வசதி) வைத்திருந்தால் அதன் பட்டியலையும் தனியாகப் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் லைட்டுக்குப் பணம் ஏற்றியது மட்டும்தான் வரும். டீ, பப்ஸ் எல்லாம் அதற்குள் மறைந்துவிடும்.

உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், மாதத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் டீக்காசு இல்லை, செமஸ்டருக்கு ஒருமுறை இருமுறை வரும் செலவுகள்தான். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: தேர்வுக் கட்டணம் 1,500, ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், லேப் சாமான் 900, 84 நாள் ரீசார்ஜ் இரண்டு தடவை 1,720, ஊருக்குப் போய்வர நான்கு தடவை 2,000. ஆறு மாதத்துக்கு 6,120 ரூபாய். அதாவது மாதம் 1,020. இதை யாரும் மாதச் செலவாக நினைப்பதில்லை. அதனால் அவை வருகிற மாதமெல்லாம் துண்டு விழுகிறது.

6,000 வந்த அன்றே 1,500 ரூபாயை ஒதுக்கிவிடுங்கள். 1,020 இந்தச் செலவுகளுக்கு, மீதி 480 அவசரத்துக்கு. எஞ்சும் 4,500 ரூபாய், நாளுக்கு 150, வாரத்துக்கு 1,050. இதற்கு இரண்டு கணக்கு வேண்டும். குறைந்தபட்ச இருப்பு கேட்காத சேமிப்புக் கணக்கு ஒன்றைக் கூடுதலாகத் தொடங்கி, யூபிஐயை அதோடு மட்டும் இணையுங்கள். அப்பா பணம் அனுப்பும் கணக்கை யூபிஐ செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் 1,050 தானாகச் செலவுக் கணக்குக்குப் போகும்படி நிரந்தர உத்தரவு கொடுக்கலாம். சனிக்கிழமை வைக்காதீர்கள், ஞாயிறு இரவே தீர்ந்துவிடும்.

பழைய கைமாற்றை அடுத்த 1ஆம் தேதியே மொத்தமாக அடைக்க நினைத்தால், அந்த மாதம் 12ஆம் தேதியே கை காயும், திரும்பவும் கைமாற்று வாங்குவீர்கள். கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டு வாரம் 150 வீதம் அடையுங்கள்.

கல்விக் கடன் 4 லட்சம் வாங்கி முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும் என்கிறார் அப்பா. இப்போதே வட்டி கட்டினால் லாபமா?

அப்பா சொல்வது பாதி சரி. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் கல்லூரிக்குப் பணம் போன நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. தவணை தொடங்கும்வரை அது தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. தவணை தொடங்கும்போது அத்தனை வட்டியையும் அசலோடு சேர்த்து, அந்தத் தொகைக்கு இஎம்ஐ (மாதத் தவணை) போடுவார்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டு, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000. தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 5,40,000 ரூபாய். பத்து ஆண்டில் அடைக்க இஎம்ஐ சுமார் 7,136. வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தால் கடன் 4 லட்சத்திலேயே நிற்கும், இஎம்ஐ சுமார் 5,286. பத்து ஆண்டில் வித்தியாசம் ஏறக்குறைய 2,22,000 ரூபாய். 1,40,000 கட்டி இதை மிச்சம் பிடிக்கிறீர்கள். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் சலுகையும் தருகின்றன. உங்கள் அனுமதிக் கடிதத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் ஒரு ரூபாய் கட்டும் முன்பே வேறொன்றைப் பார்க்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தால், மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் இந்த ஐந்து ஆண்டு வட்டியை அரசே கட்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருமானச் சான்றிதழ் வாங்கி, கடன் கொடுத்த கிளையிலேயே மானியத்துக்கு எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். கிளையில் பதிவு செய்யாமல் விடுபட்டுப் போவதுதான் பெரிய நஷ்டம். படிப்பைப் பாதியில் விட்டால், மருத்துவக் காரணம் தவிர, மானியம் கிடைக்காது.

மானியம் இல்லையென்றால், முதல் ஆண்டு வட்டி மாதம் 833 ரூபாய்தான். நான்காம் ஆண்டில் 3,333 ஆகிவிடும். எல்லோராலும் கடைசிவரை கட்ட முடியாது. முடிந்த ஆண்டுகளுக்குக் கட்டுங்கள், அதுவும் குறையும். பின்னாளில் தவணை தவறினால் உங்கள் சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் மதிப்பெண்) மட்டுமல்ல, கூட்டுக் கடனாளியான அப்பாவின் சிபிலும் விழும். அவர் நகைக் கடன் தவிர வேறு கடனுக்குப் போனால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கடன் செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கேட்டேன். 3,600தான் வந்தது. ஏழு நாளில் 5,000 கட்டச் சொல்லி, என் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் செய்தி அனுப்புவதாக மிரட்டுகிறார்கள். வீட்டில் தெரியாது.

இன்றே வீட்டில் சொல்லுங்கள். அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், வீட்டுக்குத் தெரியக் கூடாது என்ற உங்கள் பயம்தான். நீங்களே சொல்லிவிட்டால் அது போய்விடும். இதை அடைக்க இன்னொரு செயலியில் வாங்காதீர்கள்.

மிரட்டல் செய்திகள், அழைப்பு எண்கள், பணம் வந்த விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, போன் அமைப்பில் அந்தச் செயலிக்கான அனுமதிகளை ரத்து செய்து, பிறகு நீக்குங்கள். முதலிலேயே நீக்கினால் ஆதாரம் போய்விடும். 1930 எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் கொடுங்கள்.

3,600 வாங்கி 5,000 என்றால் ஏழு நாளுக்கு 39 சதவீத வட்டி. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் தருவது எந்த வங்கி அல்லது எந்த நிதி நிறுவனம் என்று சொல்ல வேண்டும், எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும், தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் தொடக் கூடாது. பதிவு பெற்ற நிறுவனமே கொடுத்திருந்தால் வாங்கிய பணத்தைக் கட்டியாக வேண்டும். அதே நேரம் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

சீனியர் ஒருவர் என் வங்கிக் கணக்கை இரண்டு மாதத்துக்குக் கேட்கிறார். ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடுத்தால் மாதம் 5,000 தருவாராம். ஏதோ ஆன்லைன் வியாபாரமாம். கொடுக்கலாமா?

கொடுக்கவே கொடுக்காதீர்கள். யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கைமாற்றத்தான் இப்படி மாணவர் கணக்குகளைத் தேடுகிறார்கள். பணம் இழந்தவர் புகார் கொடுத்ததும் முதலில் வெளிவருவது உங்கள் பெயர், உங்கள் ஆதார், உங்கள் பான். கணக்கு முடங்கும். புகார் எந்த மாநிலத்தில் பதிவானதோ அந்த மாநிலக் காவல்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கொடுத்துவிட்ட நண்பர்கள் இருந்தால், உடனே கார்டை முடக்கி, கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, காவல் நிலையத்தில் தாங்களாகவே போய்ச் சொல்லட்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு எதிராகத்தான் போகும்.

மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அஞ்சலகத்தில் ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடலாமா? (ஒரு தாய், விருதுநகர்)

அஞ்சலக ஆர்டி ஐந்து ஆண்டுக் கணக்கு. மூன்று ஆண்டு முடியும் முன் மூட முடியாது, அதற்குப் பிறகு மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இது பொருந்தாது. வங்கியில் 12 மாத ஆர்டியாக, மகள் பெயரிலேயே, 600 அல்லது 700 ரூபாய்க்குப் போடுங்கள். முதிர்வு நாள் அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டும் மாதத்துக்கு முன்னால் வரும்படி தொடங்குங்கள். மீதியை மகளிடமே விடுங்கள். அது அவள் பெயரில் வரும் பணம், செலவு செய்து பழக வேண்டியவளும் அவள்தான்.

பயிற்சிப் பணியில் மாதம் 8,000 வருகிறது. ஆப்ஷன் வர்த்தகம் (விலை ஏறுமா இறங்குமா என்று கணித்து ஒப்பந்தம் வாங்கி விற்பது) செய்யலாமா, எஸ்ஐபியா (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது)?

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். சராசரி நஷ்டம் ஆளுக்குச் சுமார் 2 லட்சம். உங்களுக்கு அது இரண்டு ஆண்டுச் சம்பளம். மூன்று மாதச் செலவை முதலில் வங்கியில் சேருங்கள். அதன்பிறகு இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்), டைரக்ட் பிரிவில் (இடைத்தரகர் இல்லாமல் நேராக வாங்குவது) 500 ரூபாய் எஸ்ஐபி. ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தை அதில் போடாதீர்கள். மேற்படிப்புக்கு எடுக்கப் போகும் மாதத்தில் சந்தை இறங்கியிருந்தால் நஷ்டத்தில் விற்க வேண்டிவரும்.