லினக்ஸ் கேள்வி–பதில்: அழித்துவிட்டு மறுபடி நிறுவும் முன்...

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பலவற்றுக்கு ஒரே வால்: ‘இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன், சரியாகவில்லை.’ சரியாகாது. அதே கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி), அதே கேபிள், அதே பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புதான் திரும்பவும் வரும். சிக்கல் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கணினியிடமே கேட்டுவிடலாம், அது மறைப்பதில்லை.

ஒரு குறிப்பு. கட்டளைகளை எழுத்தெழுத்தாகவோ ஒலிப்படியோ தமிழில் தந்திருக்கிறோம். எழுத்துகளுக்கு நடுவே உள்ள புள்ளிகள் அச்சுக்காக மட்டும். டெர்மினலில் புள்ளியின்றி, ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: மடிக்கணினியில் மின்ட் என்ற லினக்ஸ் வகையை நிறுவினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. வைஃபை மட்டும் மெனுவிலேயே இல்லை. டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: போனில் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, போன் அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் கேட்காது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே கணினிக்குக் கடத்தும், மொபைல் டேட்டா கரையாது.

அடுத்து எல்.எஸ்.பி.சி.ஐ. என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபனும் அதை ஒட்டி என்.என்.கே. என்ற மூன்று எழுத்துகளும் சேருங்கள். வரும் பட்டியலில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற பகுதியைத் தேடுங்கள். சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்ணின் முதல் பாதி தயாரிப்பாளரைச் சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 10இ.சி. என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 14சி3 என்றால் மீடியாடெக். அதன் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சுடோ (எஸ்.யூ.டி.ஓ., நிர்வாகி உரிமை தரும் சொல்) சேர்த்து, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டி.எம்.இ.எஸ்.ஜி. ஓட்டி, வெளிவருவதில் ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தே பதிலைச் சொல்லிவிடும்.

டிரைவர் வரி இருக்கிறது, ஃபர்ம்வேர் புகார் எதுவும் இல்லை என்றால் ரேடியோ அணைக்கப்பட்டிருக்கலாம். ஆர்.எஃப்.கில் என்ற கட்டளை ‘சாஃப்ட் பிளாக்’ என்று காட்டினால், அதே கட்டளையுடன் ‘அன்பிளாக் வைஃபை’ சேர்த்து விடுவிக்கலாம். ‘ஹார்ட் பிளாக்’ என்றால் மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை. மடிக்கணினியின் பக்கவாட்டு ஸ்விட்சையோ, விமானப் படம் போட்ட விசையையோ பாருங்கள்.

‘ஃபர்ம்வேர் ஏற்றத் தவறியது, பிழை –2’ என்று வந்தால் டிரைவர் இருக்கிறது, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய கோப்பு இல்லை என்று பொருள். கோப்பு கிடைக்கவில்லை என்பதற்கான எண்தான் அந்த 2. மின்ட், உபுண்டுவில் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ தொகுப்பைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் தீரும். டெபியனில் இந்தக் கோப்புகள் நீண்டகாலம் தனியாகவே கிடந்தன. 2023-ல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே இருக்கின்றன. பழைய டெபியன் வட்டை வைத்துத் திண்டாடுபவர்கள் வட்டை மாற்றுவதே நல்லது.

டிரைவர் வரியே இல்லை, புகாரும் இல்லை என்றால் உங்கள் கெர்னலுக்கு அந்தச் சிப்பைத் தெரியாது. உதாரணமாக மீடியாடெக் 7921 சிப்புக்கான ஆதரவு கெர்னல் 5.12-ல்தான் வந்தது, ரியல்டெக் 8821 சி.இ.க்கு 5.9-ல். மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் ‘வியூ’ மெனுவில் கெர்னல் பட்டியல் இருக்கிறது, புதியதை அங்கிருந்தே ஏற்றலாம். பழைய பிராட்காம் மட்டும் தனிக்கதை: அதற்கு ‘டிரைவர் மேனேஜர்’ காட்டும் பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் மூலநிரலைக் கையால் தொகுப்பதைக் கடைசி வழியாக வையுங்கள். அடுத்த கெர்னல் வந்ததும் அது உடைந்துவிடும்.

கேள்வி: விண்டோஸ் இருக்கும் கணினியில் உபுண்டுவும் சேர்க்க நினைத்தேன். நிறுவல் திரையில் பென்டிரைவ் தெரிகிறது, எஸ்எஸ்டி தெரியவில்லை. எஸ்எஸ்டி பழுதா?

பதில்: விண்டோஸ் அதிலிருந்து ஓடுகிறதே, பழுதாக வாய்ப்பில்லை. இன்டெல் கணினிகள் சிலவற்றில் பயாஸ், சேமிப்பகத்தை ‘ரெய்டு’ (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) அல்லது ‘ஆர்எஸ்டி’ (அதற்கான இன்டெல் தொழில்நுட்பம்) முறையில் வைத்திருக்கும். அப்போது எஸ்எஸ்டி, சாட்டா கன்ட்ரோலரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. டி.எம்.இ.எஸ்.ஜி. ஓட்டிப் பார்த்தால், இடம் மாற்றப்பட்ட என்விஎம்இ சாதனம் (அதாவது உங்கள் எஸ்எஸ்டி) இருக்கிறது, பயாஸை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு (வழக்கமான வட்டு அணுகல் முறை) மாற்று என்று கெர்னலே வெளிப்படையாகச் சொல்லியிருக்கும்.

ஆனால் நேராகப் பயாஸுக்குள் போய் மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் நீலத்திரையில் ‘பூட் சாதனத்தை அணுக முடியவில்லை’ என்று நின்றுவிடும். வரிசை முக்கியம். முதலில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டும் விண்டோஸ் குறியாக்கம்) இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள். விண்டோஸ் கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும். சேஃப் மோடில் பின் எண் ஏற்கப்படாமல் போகலாம். பிறகு எம்.எஸ்.கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் ‘சேஃப் பூட் – மினிமல்’ தேர்ந்தெடுத்து, மறுதொடக்கத்தின்போது பயாஸில் ஏஹெச்சிஐ-க்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்போது தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதன்பின் சேஃப் பூட் குறியை எடுத்துவிடுங்கள். இனி உபுண்டு நிறுவலில் எஸ்எஸ்டி தெரியும்.

இரண்டு வட்டுகளை உண்மையாகவே ரெய்டாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. சேர்ப்பு கலைந்து, தரவு போய்விடும்.

கேள்வி: விண்டோஸின் டி டிரைவைத் திறக்க முடிகிறது, ஆனால் ஒரு கோப்பைக் கூட எழுத முடியவில்லை. அனுமதிகளை மாற்றியும் பயனில்லை.

பதில்: அனுமதியில் குறை இல்லை. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ கணினியை முழுதாக அணைப்பதில்லை. பாதி உறக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறது. அரைத்தூக்கத்தில் உள்ள வட்டுப் பிரிவில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. விண்டோஸில் நிர்வாகி கட்டளைத் திரையைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஒட்டி அடித்து, இடைவெளி, சாய்கோடு எச், இடைவெளி, ஆஃப் என்று முடியுங்கள். மறுதொடக்கம் செய்தபின் எழுதலாம். கட்டாயப்படுத்தி எழுதவைக்கும் வழிகளும் உண்டு. அவற்றை இங்கே தரப்போவதில்லை.

கேள்வி: இணையத் திட்டம் 300 எம்பிபிஎஸ். லினக்ஸில் கேபிள் வழியாக 94-க்கு மேல் ஏறவே இல்லை. வைஃபையில் கூட அதைவிட வேகம். லினக்ஸ் டிரைவர் மோசமா?

பதில்: அந்த 94 என்ற எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில், பாக்கெட்டுகளின் தலைப்புச் சுமை போக, மிஞ்சுவது ஏறத்தாழ 94. அதாவது உங்கள் கார்டும் ரூட்டரும் 1000-க்குப் பதில் 100-ல் கைகுலுக்கியிருக்கின்றன.

இ.டி.எச்.டூல் என்ற கட்டளையுடன் உங்கள் இணைப்பின் பெயரைச் சேர்த்து ஓட்டுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஐ.பி. என்று அடித்து, இடைவெளி விட்டு ஏ சேர்த்தால் பட்டியல் வரும். ‘ஸ்பீடு’ வரியில் 100 இருந்தால், எதிர்முனை எதையெல்லாம் அறிவித்திருக்கிறது என்ற ‘லிங்க் பார்ட்னர்’ வரிகளையும் படியுங்கள். அங்கே 1000 இல்லையென்றால் ரூட்டரின் அந்தத் துளையே 100-க்கு உரியதாக இருக்கலாம். 1000 இருந்தும் வேகம் 100-ல் நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

காரணம் எளிது. கேபிளுக்குள் 4 ஜோடி, மொத்தம் 8 கம்பிகள். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள் போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-ல் ஏதாவது ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, இணைப்பானில் சரியாகப் பதியாவிட்டாலோ, கார்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். இணைப்பு விளக்கு எரியும், இணையமும் வரும், புகார் ஒன்றும் இருக்காது. விண்டோஸிலும் இதே வேகம்தான் வரும், பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நன்றாக ஓடும் வேறொரு கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளை மாற்றிச் சோதிப்பதே முதல் வேலை. அது பலித்தால் பழைய கேபிளின் இரு முனைகளையும் புதிதாகக் கிரிம்ப் செய்யலாம் (இணைப்பானை அழுத்திப் பொருத்தலாம்). நிறங்களைக் கண்ணுக்கு அழகாக வரிசையாய் அடுக்குவது பலர் செய்யும் தவறு. பச்சை ஜோடி 3-லும் 6-லும் போக வேண்டும் (பி எனப்படும் நிற வரிசை முறையில்), நடுவே 4, 5-ல் நீல ஜோடி. ஜோடி பிரிந்தால் முறுக்கின் பலன் போய், இணைப்பு வந்தாலும் பிழைகள் குவியும்.

1000 என்று கட்டாயமாக அமைத்து, தானியங்கிப் பேச்சுவார்த்தையை (இரு முனைகளும் வேகத்தைத் தாமே ஒப்புக்கொள்வது) அணைப்பது பலர் முயலும் அடுத்த தவறு. செம்புக் கம்பியில் 1000 வேகத்துக்கு அந்தப் பேச்சுவார்த்தை கட்டாயம் என்பது தரவிதி. அணைத்தால் ஒன்று இணைப்பே போகும். அல்லது ஒரு முனை முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறுவது), மறுமுனை அரை டூப்ளெக்ஸ் (மாறி மாறிச் செய்வது) என்று மாட்டிக்கொண்டு வேகம் இன்னும் சரியும்.

கேள்வி: என்விடியா டிரைவர் நிறுவி மறுதொடக்கம் செய்தபோது ஒரு நீலத்திரை வந்தது. புரியாமல் தாண்டிவிட்டேன். இப்போது டிரைவர் வேலை செய்யவில்லை.

பதில்: தாண்டியதுதான் தவறு. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், புதிய டிரைவரின் கையொப்பத்தை நீங்கள் நேரில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கான திரை அது. உபுண்டு வகைகளில், சுடோ மோக்யூட்டில் (எம்.ஓ.கே.யூ.டி.ஐ.எல்.) என்ற கட்டளையின் ‘இம்போர்ட்’ வழியாக, வேர் கோப்புறையில் வார், லிப், ஷிம்-சைன்டு, மோக் என்ற அடுக்கில் உள்ள சாவிக் கோப்பைக் கொடுத்தால் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத்திரை மீண்டும் வரும். சில நொடிகளே காத்திருக்கும், உடனே ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’ என்று போய்க் கடவுச்சொல்லைத் தாருங்கள். எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள கடவுச்சொல்லே நல்லது; அந்தத் திரை உங்கள் விசைப்பலகை அமைப்பை அறியாது.

கேள்வி: பழைய ஹார்ட் டிஸ்க் அடிக்கடி சில நொடி உறைகிறது. ஸ்மார்ட் அறிக்கையில் (வட்டு தன் நலத்தைத் தானே பதியும் பட்டியல்) எண்கள் ஏறியிருக்கின்றன. மாற்றிவிடவா?

பதில்: எந்த எண் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ தொகுப்பில் உள்ள ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் அட்டவணையில் 5, 197, 198 ஆகிய வரிகளின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். அவை ஏறிக்கொண்டே போனால் வட்டின் பரப்பு கெடுகிறது. இன்றே நகல் எடுங்கள். அவை பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறியிருந்தால் வட்டு நலம். கணினிக்கும் வட்டுக்கும் நடுவே தரவு சிதைகிறது என்று பொருள், சாட்டா கேபிளை மாற்றுங்கள். 199 எப்போதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது. கேபிள் மாற்றிய அன்று எண்ணைக் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து அதே எண்தானா என்று பாருங்கள்.

கேள்வி: கணினியை அணைத்து இரவு விட்டால், காலையில் தேதி பல ஆண்டு பின்னால் போகிறது. உலாவி எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றது என்கிறது, அப்டேட்டும் தோற்கிறது. மறுபடி நிறுவவா?

பதில்: வேண்டாம். தேதி தப்பினால் தளங்களின் சான்றிதழ்களும் மென்பொருள் பட்டியல்களும் இன்னும் செல்லுபடியாகத் தொடங்காதவை போலத் தெரியும். உலாவியும் அப்டேட்டும் அதனால்தான் மறுக்கின்றன. மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன், 3 வோல்ட். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதைப் போடுங்கள். பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போயிருக்கலாம். பூட் வரிசையையும், ஏஹெச்சிஐ–ரெய்டு தேர்வையும் மறுபடி சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.