'அப்பா வந்துருவாரா?' என்று கேட்கும் மகன்

கேள்வி: எங்களுடையது குமரி மாவட்டம் கொல்லங்கோடு பக்கம் ஒரு கடற்கரை ஊர். வீட்டுக்காரர் ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஒக்கிப் புயலில் போன அவருடைய அண்ணன் வரவே இல்லை. அப்போது என் மகன் கைக்குழந்தை. இப்போது ஒன்பது வயது. சில மாதமாக, அப்பா கடலில் இருக்கும் நாளெல்லாம் அவனுக்குக் காலையில் வயிற்றுவலி, வாந்தி. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். 'அப்பா வந்துருவாரா?' என்று ஓயாமல் கேட்கிறான். என் போனை எடுத்துக் காற்று நிலவரம் பார்த்துக்கொண்டே இருக்கிறான். 'பயந்த கோளாறு' என்று மாமியார் ஜெபிக்கக் கூட்டிப் போனார். ஒரு டாக்டரிடம் காட்டினோம். 'செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க' என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார். அதை வாங்கவில்லை. இனி யாரிடம் போக? ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள்?

பதில்: செல்லம் கொடுத்ததால் யாருக்கும் காலையில் வாந்தி வராது, சகோதரி. அந்த டாக்டர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை வயிற்றைக் காட்டிவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால் இது பெரும்பாலும் பதற்றமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும், அப்பா கரையில் இருக்கும் நாட்களிலும் வலி வருகிறதா என்று கவனியுங்கள். அவன் நடிக்கவில்லை. பயம் வயிற்றில் நிஜமாகவே வலியாக வரும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கேள்விதான். அவன் கேட்கும்போதெல்லாம் நீங்கள் 'வந்துருவாரு மக்களே, ஒண்ணும் ஆகாது' என்றுதான் சொல்லியிருப்பீர்கள். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். ஆனால் ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு உங்கள் ஊரில் வளரும் பிள்ளை அதை எப்படி நம்புவான்? பெரியப்பா வரவில்லை என்று அவனுக்குத் தெரியுமே. பதில் கேட்டதும் பத்து நிமிடம் நிம்மதி, அப்புறம் மறுபடி கேள்வி. ஒவ்வொரு முறை ஆறுதல் சொல்லும்போதும், கேட்டால்தான் பயம் அடங்கும் என்று அவன் மனம் பழகிக்கொள்கிறது.

அதனால் காலையில் ஒரே ஒருமுறை, உண்மையான பதிலைச் சொல்லுங்கள். போட்டில் வயர்லெஸ் இருக்கிறது, அப்பாவோடு இத்தனை பேர் இருக்கிறார்கள், புயல் எச்சரிக்கை வந்தால் இன்னது செய்வார்கள் என்று. அதை அப்பாவே கரையில் இருக்கும்போது சொல்லிக் காட்டினால் இன்னும் நல்லது. பிறகு கேட்டால், 'உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. காலையில சொன்ன பதில்தான். வா, சாப்பிடலாம்.' அவ்வளவுதான். காற்று நிலவரமும் உங்களோடு சேர்ந்து ஒருமுறை பார்க்கட்டும், பிறகு போன் உங்கள் கையில். முதல் சில நாள் அழுகையும் கேள்வியும் கூடத்தான் செய்யும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்தை மட்டும் முழுதாக நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இருக்க இருக்க, திரும்பப் போவது மலையாகிவிடும். வகுப்பு டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, முதலில் காலைப் பிரார்த்தனை வரை, அப்புறம் மதியம் வரை என்று கூட்டிக்கொண்டே போகலாம்.

சரி, யாரிடம் போவது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு அது தூரம்தான். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் நாள் உண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். உங்கள் பகுதியில் பலர் திருவனந்தபுரம் போவார்கள், தப்பில்லை. ஆனால் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் பேச்சுதான், பிள்ளை தன் தமிழில் பேச முடிய வேண்டும். அதற்கு முன் வீட்டிலிருந்தே 14416-க்குப் பேசிப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குபவர் மருத்துவ உளவியலாளர். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். போர்டு மாட்டியவரெல்லாம் படித்தவர் இல்லை. நல்லவரைக் கண்டுபிடிக்க என் வழி இது: பிள்ளையிடம் நேரடியாகப் பேசுகிறாரா, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லித் தருகிறாரா? இரண்டும் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பயம் அதிகமாகி அன்றாடம் முடங்கினால்தான் மாத்திரை தேவைப்படும். இதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் அடிமையாக்குபவை அல்ல. பலன் தெரியச் சில வாரம் ஆகும், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது. கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அவன் சாக வேண்டும் என்று பேசினாலோ, சாப்பாடும் தூக்கமும் அடியோடு நின்றாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊர் விஷயம்: உங்கள் அனுமதி இல்லாமல் இதைச் சிகிச்சை தருபவர்கள் வெளியே சொல்லக்கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், ஜெபமும் நடக்கட்டும். 'இவன் பயந்தாங்கொள்ளி' என்று அவன் காதுபடச் சொல்லாமல் இருந்தால் போதும்.

வீட்டுக்காரர் அடுத்த முறை கரைக்கு வந்ததும் அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கூடப்பிறந்த அண்ணனைக் கடலில் பறிகொடுத்தவர் அவர். அதைப் பற்றி இதுவரை அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.