பிரட்டை விடுங்கள், பெருங்காய டப்பாவைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் ஈரோடு. 14 வயது மகளுக்கு சீலியாக் நோய் என்று ரத்தப் பரிசோதனையிலும் எண்டோஸ்கோப்பியிலும் உறுதியாகிவிட்டது. குளுட்டன் கூடவே கூடாது, பாலையும் கொஞ்ச காலம் நிறுத்துங்கள் என்கிறார் டாக்டர். இதுவரை காலையில் பிரட் டோஸ்ட், சேமியா உப்புமா, சப்பாத்தி, கூடவே பாலில் கலக்கும் சத்து பானம் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஏழரைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். குளுட்டன் இல்லாத பிரட்டோ யானை விலை விற்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த பிரட்டை மறந்துவிடுங்கள். குளுட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் நோயில் சிறுகுடலைக் கெடுப்பது அதுதான். மாவு இழுபட்டு உப்புவது அதனால்தான். அது இல்லாமல் பிரட்டை உப்ப வைக்க ஸ்டார்ச், பசை என்று எதையெதையோ சேர்க்க வேண்டியிருக்கிறது. நம் வீட்டிலோ அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்தாலே பஞ்சு மாதிரி உப்பிவிடுகிறது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, அடை, குழிப்பணியாரம், அவல் உப்புமா என்று அவள் சாப்பிடக்கூடியவைதான் அதிகம். உங்கள் பக்கத்துச் சந்தகை ஒன்றே போதுமே! தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஊற்றினால் கோதுமையும் இல்லை, பாலும் இல்லை. உப்புமா கேட்டால் அரிசியைக் கொஞ்சம் துவரம்பருப்போடு ரவையாக உடைத்துக் கிண்டுங்கள். முந்தின இரவே உடைத்து வைத்துக்கொண்டால் காலையில் கால் மணி நேர வேலைதான்.

சோறும் மாவுமாகவே போகாமல் வாரத்தில் இரண்டு நாள் அடையோ பாசிப்பயறு தோசையோ இருக்கட்டும். அவளுக்குப் புரதமும் வேண்டும்.

மாற்று கிடைப்பது கஷ்டமில்லை. பாதுகாப்பானது என்று நாம் நம்பும் சமையலறைக்குள் ஒளிந்திருக்கும் கோதுமைதான் கஷ்டம். பெருங்காயத்திலிருந்து ஆரம்பிப்போம். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பிசின் காரம் அதிகம் என்பதால் கோந்தும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள். அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா. ‘கிள்ளுதானே’ என்று தோன்றும். சாம்பாரில், இட்லிப் பொடியில், ரசத்தில் என்று தினமும் மூன்று வேளையும் விழும் கிள்ளு அது. கோதுமையை அடியோடு விட்டுவிட்டோம் என்று சத்தியம் செய்யும் வீடுகளிலும் இந்த டப்பா மட்டும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். கிடைக்கும்வரை பெருங்காயம் இல்லாமலே தாளியுங்கள், குடி முழுகாது.

அடுத்தது மாவு மில். மிளகாய்த்தூளோ ராகியோ அரைக்கக் கொடுத்தால், உங்களுக்கு முன்னால் அந்த மிஷினில் கோதுமை அரைத்திருப்பார்கள். ராகியை வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள், அல்லது ‘குளுட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்ட பாக்கெட் வாங்குங்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, அப்படி அச்சிட்டால் ஒரு கிலோவில் குளுட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ‘ராகி சேமியா’, ‘தினை சேமியா’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்பி எடுத்துவிடாதீர்கள். பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். ஓட்ஸும் பெரும்பாலும் கோதுமையோடு கலந்துவிடும் தானியம், இப்போதைக்கு வேண்டாம்.

சப்பாத்தி போட்ட கல்லிலேயே அவளுக்கும் தோசை வார்க்காதீர்கள். தனிக்கல், தனிச் சல்லடை வேண்டும். சல்லடைக் கண்ணில் சிக்கிய மாவு எத்தனை கழுவினாலும் முழுதாகப் போகாது. பூரி பொரித்த எண்ணெயில் வடையும் வேண்டாம். ஹோட்டலில் முறுகலுக்காகத் தோசை மாவில் ரவையோ மைதாவோ சேர்ப்பவர்கள் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சரி, பாலுக்கு வருவோம். சீலியாக் நோயில் சிறுகுடலின் விரலிகள், அதாவது சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள், தேய்ந்துபோகின்றன. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த விரலிகளின் மேல்தான் இருக்கிறது. அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறது. குளுட்டனை நிறுத்திக் குடல் ஆறினால், பலருக்குச் சில மாதங்களில் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும். ‘கொஞ்ச காலம்’ என்று டாக்டர் சொன்னது அதனாலேயே இருக்கலாம். ஆனால் இது லாக்டோஸ் பிரச்சினையா, பால் புரத அலர்ஜியா என்று அவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். லாக்டோஸ் மட்டும் என்றால் பொங்கலில் ஒரு ஸ்பூன் நெய் பெரிதாகப் படுத்தாது. அலர்ஜி என்றால் அதுவும் கூடாது. அப்போது மிளகும் சீரகமும் முந்திரியும் நல்லெண்ணெயில் தாளியுங்கள். நெய் வாசம் வராதுதான், ஆனால் சூடாகச் சாப்பிட நன்றாகவே இருக்கும்.

அந்தச் சத்து பானத்தை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அந்த வகை மால்ட் பானங்கள் பெரும்பாலும் பார்லியிலும் கோதுமையிலும் செய்யப்படுபவை, பாலை மாற்றினாலும் பயனில்லை. கடைச் சத்துமாவும் அப்படித்தான், கோதுமை சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பதில் ராகிக் கஞ்சி. அடுப்பிலிருந்து இறக்கியபின் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

இந்த வயதில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு டம்ளர் பாலில் 240 அளவுக்குக் கிடைத்துவந்தது. 50 கிராம் ராகி மாவில் 170 வரை வரும். தோசை மாவில் ஒரு பிடி முருங்கைக்கீரை, இட்லிக்கு எள்ளுப்பொடி என்று சேர்த்தால் இடைவெளி குறையும். ஆனால் தேங்காய்ப்பாலைப் பாலுக்கு ஈடு என்று நினைக்காதீர்கள், அதில் கால்சியம் அதிகம் இல்லை. சோயா பால் வாங்கினால் கால்சியம் சேர்த்ததா என்று பாருங்கள். இரும்புச்சத்தும் வைட்டமின் டியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள், மாத்திரை தேவையா என்பதை அவரே முடிவுசெய்யட்டும்.

இன்னொன்று. இவளுக்கென்று தனியாகச் சமைப்பானேன், வீட்டில் எல்லோருமே கோதுமையை விட்டுவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இது குடும்பத்தில் ஓடக்கூடிய நோய். பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அதைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம்.