இருபது ஆண்டு கழித்தும் பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பிரிட்டனில் வேலை இருக்குமா?

தம்பி, மதுரையில் பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளங்கலைப் பட்டம் முடித்து, எலும்பியல் பிரிவில் வேலை பார்த்து, இப்போது பர்மிங்காமில் முதுகலை படிக்கும் நீங்கள் கேட்டது இது: "பிசியோதெரபிஸ்ட் பற்றாக்குறை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் போட்ட விண்ணப்பங்களோ ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. நீண்ட காலத்தில் இந்தத் தொழிலுக்கு இங்கே இடம் இருக்குமா, இல்லை இப்போதே டேட்டா அனலிஸ்ட் படிப்புக்கு மாறிவிடட்டுமா, அக்கா?"

மாறாதீர்கள். இதை உறுதியாகவே சொல்கிறேன். ஆனால் வேலை தேடும் வழியை மாற்றியாக வேண்டும்.

தேவையைப் பற்றி முதலில் சொல்கிறேன். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 65 வயதைக் கடந்தவர்கள் 1.1 கோடிப் பேர். ஆண்டுதோறும் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் இடுப்பெலும்பு முறிந்து வந்து சேர்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு மறுநாளே அவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்பது இங்குள்ள நெறிமுறை. எண்பத்தைந்து வயதுப் பாட்டி, வலி, பயம், போதாக்குறைக்குக் கொஞ்சம் மறதி நோய். அவரை எழுப்பி நாலு அடி நடக்க வைப்பது யார்? நாம்தான். பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிகிச்சையும் நாளுக்கு 45 நிமிடம் என்றிருந்த பரிந்துரையை, தேவைப்படுவோருக்கு எல்லா மறுவாழ்வுச் சிகிச்சையும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 3 மணி நேரம், வாரத்துக்குக் குறைந்தது 5 நாள் என்று, சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2023 அக்டோபரில் உயர்த்தியது. அந்த மூன்று மணி நேரத்தைக் கொடுக்கும் அளவுக்கு எந்த வார்டிலும் ஆள் இருந்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் உங்களுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை? நோயாளிக்குத் தேவை இருப்பதால் மட்டும் பணியிடம் உருவாகிவிடாது. அதற்குச் சம்பளப் பணத்தை ஒருவர் ஒதுக்க வேண்டும். இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இப்போது சிக்கனக் கத்தியின் கீழ் இருக்கிறது. ஆள் போனால் அந்த இடத்தை நிரப்பாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இன்னொரு பக்கம், 2020 செப்டம்பரிலிருந்து இங்கே பிசியோதெரபி படிக்கும் உள்நாட்டு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்ட் உதவித்தொகை தரப்படுகிறது. படிப்பில் சேருவோரும் கூடிவிட்டார்கள். அந்தப் பட்டதாரிகள் எல்லோரும் வந்து மோதுவது பேண்ட் 5 என்ற, புதியவர்களுக்கான முதல் சம்பளப் படியில்தான். 2025 ஆகஸ்டில் புதிய செவிலியருக்கும் மகப்பேறுச் செவிலியருக்கும் அரசு வேலை உறுதித் திட்டம் அறிவித்தபோது பிசியோதெரபிஸ்ட்டுகள் அதில் இல்லை. நம் தொழில் சங்கம் இதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விசா ஸ்பான்சர் தேவைப்படும் உங்களுக்கு அந்த வரிசை இன்னும் நீளம்.

அதற்கு மேலே, பேண்ட் 6, 7 நிலைகளில் கதை வேறு. நரம்பியல், முதியோர் மருத்துவம், நுரையீரல் பிரிவுகளில் அனுபவமுள்ளவரைத் தேடி ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வாசலில் நெரிசல், உள்ளே இருக்கை காலி. இதுதான் இன்றைய நிலவரம். ஆகவே நீங்கள் புதுப் பட்டதாரிகளோடு ஒருவராக நிற்கக் கூடாது. உங்களுக்கு இருக்கும் அனுபவத்தோடு நிற்க வேண்டும்.

அதற்கு, இங்கே பிசியோதெரபிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் ஒழுங்குமுறை அமைப்பான எச்சிபிசியின் பதிவு கையில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பணம் வாங்கிய ஏஜென்ட்டும் இதைச் சொல்வதில்லை. உங்கள் முதுகலை ஏற்கெனவே பிசியோதெரபி படித்தவருக்கான மேற்படிப்பு. அதை முடித்தால் பதிவு தானாக வராது. வெளிநாட்டில் படித்தவருக்கான தனி விண்ணப்பத்தை அனுப்பி, உங்கள் பி.பி.டி. பாடத்திட்டத்தை அவர்கள் மதிப்பிட்டு ஏற்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையாமல் வேண்டும். கல்லூரியிலிருந்து பாடவிவரம் வாங்குவதற்கு ஊரில் யாராவது நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும். அப்பாவையோ நண்பரையோ இந்த வாரமே அனுப்புங்கள். பதிவு வரும்வரை பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது, அது சட்டப்படி குற்றம். சிகிச்சை உதவியாளராகப் பகுதிநேரம் சேரலாம். அதைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள். வார்டு எப்படி நடக்கிறது, வீட்டுக்கு அனுப்பும் முடிவை எப்படி எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும். மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பை மட்டும் மீறாதீர்கள்.

அடுத்து, எந்தப் பிரிவு என்பது. நம் ஊரிலிருந்து வருபவர்களில் பாதிப்பேர் விளையாட்டுப் பிசியோ என்கிறார்கள். ஆசை புரிகிறது, ஆனால் அந்த வாசல் மிகக் குறுகலானது. நீங்கள் தமிழ்நாட்டில் ஐசியு பார்த்திருப்பீர்கள். வென்டிலேட்டரில் இருப்பவரின் நெஞ்சுச்சளியை வெளியேற்றப் பழகிய கைக்கு இங்கே உண்மையான மதிப்பு உண்டு. இரவில் அவசரத்துக்கு அழைத்தால் போகும் ஆன்-கால் பணி என்றால் இங்கே படித்த புதியவர்கள் பலர் நடுங்குவார்கள். அதை உங்கள் விண்ணப்பத்தில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

எலும்பியல் நேர்காணலுக்குப் போனால் இன்னொன்றைக் கவனியுங்கள். முதுகுவலி என்று கேட்டதும் ஐஎஃப்டி என்ற மின்சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், முதுகை இழுத்து வைக்கும் டிராக்ஷன் என்று அடுக்காதீர்கள். கீழ்முதுகு வலிக்கு இவை எதையும் தர வேண்டாம் என்று நைஸ் 2016-லேயே எழுதிவிட்டது. இங்கே கருவிக்கு இடம் குறைவு. பேச்சுக்கும் பயிற்சிக்கும் இடம் அதிகம். நோயாளி எதைச் செய்ய விரும்புகிறார் என்று கேட்டு, அதிலிருந்து தொடங்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்ததைச் செய்யும் வேலை அல்ல இது. 1977 முதலே நம் தொழிலுக்குத் தானே முடிவெடுக்கும் உரிமை உண்டு. 2013-லிருந்து மேற்பயிற்சி பெற்றவர்கள் மருந்தும் எழுதலாம். குடும்ப மருத்துவர் நிலையங்களில் மூட்டுவலி, முதுகுவலி என்று வருபவரை மருத்துவருக்கு முன்பே பார்க்கும் பிசியோக்கள் இருக்கிறார்கள். உங்கள் நீண்ட காலம் இந்தப் படிகளில்தான் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றிய பயத்தையும் எழுதியிருந்தீர்கள். செல்பேசியில் முதுகுவலிப் பயிற்சி சொல்லித்தரும் சேவைகள் என்எச்எஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டன. எளிய முதுகுவலியில் ஒரு பங்கை அவை எடுத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். அதனால் காத்திருப்போர் பட்டியல் குறைந்தால் நல்லதுதான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் துவண்டுபோனவரை உட்காரவைக்கும் வேலைக்கு இரண்டு ஜோடிக் கைகள் வேண்டும். அதனாலும்தான் நரம்பியலையும் முதியோர் பிரிவையும் சொல்கிறேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் விசாதான். படிப்புக்குப் பிந்தைய விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. நிரந்தர வசிப்புக்கான 5 ஆண்டுக் காத்திருப்பை 10 ஆக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு முன்வைத்தது. ஊரில் வாங்கிய கடனை இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இங்கிலாந்தில் பேண்ட் 5 தொடக்கச் சம்பளம் 2025-26இல் ஆண்டுக்கு 31,049 பவுண்ட். வரியும் வாடகையும் போக மிஞ்சுவதைப் பார்த்துத் தவணையை முடிவு செய்யுங்கள். அப்பாவிடம் உண்மை நிலையைச் சொல்லிவிடுவதும் நல்லது.

லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் என்று மட்டும் தேடாதீர்கள். கம்ப்ரியா, லிங்கன்ஷயர், ஸ்காட்லாந்தின் வடபகுதி ஆகிய இடங்களையும் பாருங்கள். குளிரும் தனிமையும் இருக்கும், தோசை மாவு கிடைக்காது, ஆனால் போட்டி குறைவு. இரண்டு ஆண்டு அங்கே இருந்துவிட்டு பேண்ட் 6 ஆகத் திரும்பி வரலாம்.

ஒவ்வொரு விளம்பரத்தோடும் தேவையான தகுதிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். மதிப்பெண் போடுபவர் அதை வைத்துக்கொண்டுதான் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கிறார். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பார்த்த நோயாளி ஒருவரை உதாரணமாக எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், தம்பி. வார இறுதியில் உட்கார்ந்து திருத்தித் தருகிறேன்.