வீடு கட்ட ஒரு கை கொடுக்க வருகிறவர்களுக்கு: மேஸ்திரி பதில்கள்

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசையை மாற்றி வீடு கட்டும் குடும்பங்களுக்கு உடலுழைப்பு தர விரும்புகிறவர்கள் கேட்டவை.

கட்டட வேலை எதுவும் தெரியாது. வரலாமா? (தஞ்சாவூர்)

வாருங்கள். செங்கல் நனைப்பது, ஜல்லி சுமப்பது, கலவை எடுத்துக் கொடுப்பது என்று சித்தாள் வேலை நிறைய உண்டு. கலவை பூசும் கரணையை மட்டும் கொத்தனாரிடம் விட்டுவிடுங்கள். தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும்போது சுவர் நேராக நிற்காவிட்டால் பிரித்துத்தான் கட்ட வேண்டும். அந்தச் செலவு குடும்பத்தின் தலையில் விழும். அப்புறம், கலவையை வெறுங்கையால் அள்ளாதீர்கள். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும் காரம். அள்ளும்போது தெரியாது, ராத்திரி கை எரியும். ரப்பர் கையுறை போடுங்கள்.

சான்றிதழ் உண்டா?

உங்களைக் கூட்டி வரும் அமைப்பைக் கேளுங்கள்.

அரசே மூன்றரை லட்சம் தருகிறதே, நாம் எதற்கு? (சென்னை)

வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை. பணம் மொத்தமாகக் கைக்கு வராது. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் தவணை வங்கிக் கணக்கில் ஏறும். ஆக, முதலில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட வீட்டுக்காரர் கையில் காசு வேண்டும். கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அது வட்டிக்கு வாங்கும் காசு. வானம் தோண்டவும் பேஸ்மட்டத்துக்கு மண் நிரப்பவும் பத்துப் பேர் வந்தால் அந்தக் கடன் குறையும்.

பத்துப் பேரின் பயணச் செலவைப் பணமாகவே அனுப்பலாமே? (அதே சென்னைக்காரர்)

சென்னையிலிருந்து இரண்டு நாளைக்கு வருவதென்றால் பணமே மேல். அனுப்புங்கள்.

இலவசமாக வேலை செய்து சித்தாள் பிழைப்பைக் கெடுக்கிறீர்கள். (திருவாரூர்)

நியாயமான கோபம். கூலி ஆள் வைக்க வசதியுள்ள வீட்டில் இறங்கக் கூடாது என்பதே என் கட்சி. வீட்டு ஆட்களே மண் சுமக்கும் இடத்தில் கூடச் சுமக்கலாம். அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டியிலும் வீடு பெறுகிற குடும்பம் தானும் உழைக்க வேண்டும்.

இன்னொன்று. கூரைக்குக் காங்கிரீட் போடும் அன்று கூட்டம் அம்மும், செல்ஃபி பறக்கும். மறுநாள் ஆள் இருக்காது. மேலே பாத்தி கட்டி பத்து நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும். விட்டால் கூரை வெடிக்கும், ஒழுகும். வீட்டுக்காரர்களோ காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். காலையும் மாலையும் போய்த் தண்ணீர் விட உள்ளூர் ஆள் ஒருவர் கிடைத்தால் போதும். அதற்கு யாரும் பேர் கொடுப்பதில்லை.

அப்படியும் சித்தாள் கூலி போகிறதே?

தண்ணீர் விட ஆள் வைத்துக் கூலி கொடுக்க நீங்கள் தயாரா? தயார் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பட்டா இல்லாத குடும்பத்துக்கு என்ன செய்வது?

சொந்தப் பட்டா இல்லாமல் இந்தத் திட்டத்தில் வீடு கிடையாது. எழுதத் தெரிந்தவர்கள் மனு எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அவர்களோடு போங்கள். செங்கல் சுமப்பதைவிட இது பெரிய உதவி.

கல்லூரிக்குக் காட்ட ஒரு சான்றிதழ்...

முன்பே சொன்னதுதான், அமைப்பைக் கேளுங்கள்.

கையுறை கட்டாயமா? கொத்தனார்கள் போடுவதில்லையே?

அவர்கள் விரல்களைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

எந்த மாதம் வரலாம்?

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் வானம் தோண்டினால் தண்ணீர் ஊறி நிற்கும். தை பிறந்ததும் வாருங்கள்.