தலையில் நீர்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் குழந்தையின் தலை பெரிதாகத் தெரிகிறது. நீர் கோத்திருக்குமா?

வயது என்ன? சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர்? போன மாதம் எத்தனை இருந்தது? இந்த மூன்றும் இல்லாமல் எழுதினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? முதலில் டேப்பை எடுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையின் புடைத்த இடத்தைத் தொட்டுச் சுற்றுங்கள். மூன்று தடவை அளந்து, பெரிய எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அப்புறம் அரை செ.மீ. என்று வளரும். அப்பாவுக்கும் பெரிய தலை, குழந்தையின் கோடும் தலை வளர்ச்சி வரைபடத்தில் தன் பாதையிலேயே போகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. கோடு பாதையைத் தாண்டி ஏறினாலோ, அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்தே இருந்தாலோ, கருவிழி கீழே இறங்கி அதன் மேல் வெள்ளை தெரிந்தாலோ அடுத்த மாதம் வரை பொறுக்காதீர்கள்.

கேள்வி: தண்ணீர் குறைத்துக் கொடுத்தால் தலையில் நீர் குறையுமா?

குறையாது. குழந்தைதான் வாடும். இந்த நீர் மூளை அறைகளுக்குள்ளேயே ஊறுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர்.

கேள்வி: மாத்திரையால் வற்ற வைக்க முடியாதா?

மூளைக்குள் ரத்தம் கசிந்து நீர் கோத்த பிள்ளைகளுக்கு அசெட்டசோலமைடும் ஃபுரோசமைடும் கொடுத்து 1990களில் சோதித்தார்கள். ஷண்ட், அதாவது தலையில் சேரும் நீரை வயிற்றுக்கு வடிக்க உள்ளே வைக்கும் குழாய், தேவைப்படுவது குறையவில்லை, கெடுதல்தான் கூடியது. நீர் வடியும் வழி அடைத்திருக்கிறது என்றால் வழியைத் திறக்க வேண்டும், இல்லை வேறு வழி போட வேண்டும்.

கேள்வி: ஷண்ட் நல்லதா, எண்டோஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய கருவி) மூலம் துளை போடுவது நல்லதா?

எந்தக் குழந்தைக்கு என்று கேளுங்கள். மூளையின் நடுவில் நீர் போகும் வழி குறுகிப்போய், வயதும் ஒன்றைத் தாண்டியிருந்தால் மூன்றாம் அறையின் தரையில் துளை போடுவது நல்ல வழி. உடம்புக்குள் குழாயே இருக்காது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம், அதுவும் மூளைக்காய்ச்சலுக்குப் பின் வந்த நீராக இருந்தால், துளை மட்டும் போட்டால் தோற்பது அதிகம். உகாண்டாவின் ம்பாலே நகரில் பெஞ்சமின் வார்ஃப், துளை போடுவதோடு நீர் ஊறும் திசுவையும் சேர்த்துச் சுடும் முறையை வளர்த்தெடுத்தார். அங்கே அந்த முறையையும் ஷண்டையும் ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பின் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று மறக்காதீர்கள்: போட்ட துளையும் பல வருடம் கழித்துத் திடீரென்று மூடிக்கொள்ளலாம். எதைச் செய்திருந்தாலும், பிள்ளை நன்றாக இருக்கும்போது எடுத்த ஸ்கேனைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: ஷண்ட் வைத்த பிள்ளை வாந்தி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா? வயிற்றுக் கோளாறாகவும் இருக்கலாமே?

ஓடத்தான் வேண்டும். இந்த 'இருக்கலாமே'யால் நிலைமை மோசமான பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆறு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள். அதற்குள் இரண்டு இடங்களில் வாந்தி மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. விடியற்காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுவாள், வாந்தி எடுப்பாள், கொஞ்சம் தெளிவாள். 'போன தடவை அடைத்தபோதும் இப்படித்தான் டாக்டர் இருந்தாள்' என்று அம்மா இரண்டு இடத்திலும் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. நல்ல வேளை, அந்த அம்மா பழைய ஸ்கேனைப் பையில் வைத்திருந்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். அறைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிந்திருந்தன. குழாயை வெளியே எடுத்தால், நுனியில் இருந்த பொடித் துளைகள் எல்லாவற்றிலும் பூப்பூவாகத் திசு முளைத்து அடைத்திருந்தது. எடுத்த கணமே நீர் பீச்சியடித்தது. மறுநாள் எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கண்பார்வை போயிருக்கலாம், உயிரே போயிருக்கலாம்.

ஷண்டுகளில் பத்துக்கு மூன்று நான்கு முதல் வருடத்திலேயே பழுதாகும். இரண்டு வருடத்தில் ஏறக்குறைய பாதி. இது யாருடைய தவறும் இல்லை, குழாயின் இயல்பு. ஆகவே தலைவலி, வாந்தி, காரணமில்லாத தூக்கம், எரிச்சல், நடை தடுமாற்றம் எது வந்தாலும் முதலில் ஷண்டைச் சந்தேகிக்க வேண்டும், அது சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வயிற்றைப் பார்க்க வேண்டும். நீரின் போக்கைக் கட்டுப்படுத்த ஷண்டில் இருக்கும் வால்வை விரலால் அமுக்கிப் பார்த்து 'வேலை செய்கிறது' என்று யாராவது சொன்னால் அதை நம்பி வீட்டுக்குத் திரும்பாதீர்கள். சில பிள்ளைகளுக்கு அடைப்பு வந்தாலும் அறைகள் விரியாது, ஸ்கேன் பழைய மாதிரியே இருக்கும். அங்கே பெற்றவள் சொல்லும் 'இது வேற மாதிரி இருக்கு' என்பதற்குத்தான் முதல் மதிப்பு. டாக்டர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

ஷண்ட் வைத்த முதல் ஆறு மாதத்தில் காய்ச்சல் வந்தாலோ, குழாய் போகும் வழி சிவந்தாலோ கிருமித்தொற்றைச் சந்தேகியுங்கள். அப்போதும் பழைய ஸ்கேன் கையில் இருக்கட்டும்.

கேள்வி: அழுத்தம் மாற்றக்கூடிய வால்வு வைத்திருக்கிறோம். செல்போன் ஆகாதா?

பேசலாம். காந்தம் உள்ள எதையும் வால்வு இருக்கும் பக்கம் தலையோடு ஒட்டி வைக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் அன்றே வால்வின் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கென்றே நியூரோ சர்ஜன் தனியாக உண்டா? எப்படித் தேர்ந்தெடுப்பது?

உண்டு. 1929இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஃபிராங்க் இங்கிரஹாம் தனிப்பிரிவு தொடங்கியதிலிருந்து இது ஒரு தனித்துறையாக வளர்ந்தது. மருத்துவப் படிப்பு, அதற்கு மேல் பல வருட நியூரோ சர்ஜரிப் பயிற்சி, பிறகு குழந்தைகளிடம் மட்டும் ஓராண்டு போல என்று போகும். சுவரில் தொங்கும் பட்டங்களை எண்ணாதீர்கள். வருடத்துக்கு எத்தனை குழந்தைகளுக்கு ஷண்ட் வைக்கிறீர்கள், தொற்று எத்தனை பேருக்கு வந்தது, எண்டோஸ்கோப்பும் செய்வீர்களா, ராத்திரி இரண்டு மணிக்கு அடைத்தால் யார் வருவார் என்று கேளுங்கள். பெற்றோர் கேட்பதால் யாரும் குறைந்துவிட மாட்டார்கள். 1956இல் நல்ல வால்வைச் செய்து கொடுத்த ஜான் ஹோல்ட்டர் டாக்டர் இல்லை. தன் மகனுக்காகப் பட்டறையில் உட்கார்ந்த இயந்திரத் தொழிலாளி.

கேள்வி: ஷண்டோடு பள்ளிக்கூடம், விளையாட்டு?

இரண்டும் வேண்டும். குத்துச்சண்டை மட்டும் வேண்டாம். பழைய ஸ்கேனின் நகல் ஒன்று பள்ளிப் பையிலும் இருக்கட்டும்.

கேள்வி: முதல் குழந்தைக்குத் தண்டுவடப் பிளவும் தலையில் நீரும். அடுத்ததற்கு என்ன செய்யலாம்?

ஃபோலிக் அமிலம். சாதாரணமாகச் சொல்லும் 400 மைக்ரோகிராம் உங்களுக்குப் போதாது. டாக்டர் எழுதித் தரும் 4, 5 மில்லிகிராம் அளவு வேண்டும். இப்படிப்பட்ட தாய்மார்களிடம் 1991இல் வந்த ஆய்வு, பிளவு திரும்ப வருவது சுமார் 70 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. உண்டான பிறகு தொடங்கலாம் என்று இருக்காதீர்கள். கரு தரித்து நான்கு வாரத்துக்குள், கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் குழாய் மூட வேண்டும். அப்போது பலருக்கு நாள் தள்ளிப்போனதே தெரிந்திருக்காது. மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.