மோட்டர் நின்றதும் குழாய் இடிப்பது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிணற்றடியிலிருந்து நூறு அடி தூரத்தில், இருபது அடி உயரத்தில் உள்ள நீர்த்தாங்கிக்கு ஓர் அங்குல பிவிசி குழாயில் நீர் ஏற்றுகிறோம். மோட்டரை நிறுத்தியதும் சுவர் அதிருமளவுக்கு ‘டம்’ என்று ஓசை எழுகிறது. மின்சாரம் தடைப்பட்டாலும் அப்படித்தான். சுவரோரத்து எல்போ (குழாய் திரும்பும் இடத்து வளைவுத் துண்டு) ஒன்று அண்மையில் வெடித்துவிட்டது. திருத்த வந்தவர் முழுவதையும் ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாயாக மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி, வட்டக்கச்சி

பதில்: மாற்ற வேண்டாம். ஜீஐ குழாய் போட்டால் எல்போ வெடிப்பது குறையலாம். ஆனால் இடி கூடும். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தத் தவறான ஆலோசனையால் வன்னியில் பல குடும்பங்கள் வீண்செலவு செய்திருக்கின்றன.

நூறு அடி நீளமான ஓர் அங்குலக் குழாய்க்குள் ஏறத்தாழ 15 லீற்றர், அதாவது 15 கிலோ நீர் எந்நேரமும் நிற்கிறது. மோட்டர் ஓடும்போது அவ்வளவு நீரும் ஒன்றாக நகர்கிறது. நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துவரும் உழவு இயந்திரம் சடுதியாக நின்றால் பெட்டி பின்னால் வந்து முட்டுவது போலவே, ஓடும் நீரைச் சடுதியாகத் தடுத்தால் அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறி, குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலையாகப் போய்த் திரும்புகிறது. ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் ஷுக்கோவ்ஸ்கி மொஸ்கோ நகர நீர்க்குழாய்களில் ஆய்வு செய்து 1898 இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்த அழுத்தம் நீரின் வேகத்தையும் குழாய்க்குள் அழுத்த அலை செல்லும் வேகத்தையும் பொறுத்தது. நெகிழும் தன்மையுள்ள பிவிசி குழாயில் அந்த அலை செக்கனுக்கு 400 மீற்றர் அளவிலும், விறைப்பான இரும்புக் குழாயில் 1300 மீற்றர் அளவிலும் செல்லும். ஆகவே செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் நீரைச் சடுதியாக நிறுத்தினால் பிவிசி குழாயில் சுமார் 4 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ 10 மீற்றர் உயர நீரின் அழுத்தம்) அழுத்தமும், ஜீஐ குழாயில் சுமார் 13 பார் அழுத்தமும் மேலதிகமாகத் தோன்றும். உங்கள் தாங்கியின் உயரத்தால் குழாயில் வழக்கமாக இருக்கும் அழுத்தம் 0.6 பார் மட்டுமே என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் நீரைச் சடுதியாக நிறுத்துவது எது? மோட்டர் நின்ற பின்னரும் நீர் ஒரு கணம் மேல்நோக்கி ஓடி, வேகம் குறைந்து, பின்னர் கீழ்நோக்கித் திரும்புகிறது. திரும்பும் நீரைத் தடுக்க வேண்டிய ஒருவழி வால்வின் நாக்கு, நீர் திரும்பத் தொடங்கும் முன்னரே மூடியிருந்தால் ஓசையே எழாது. அது பிந்தி மூடும்போதுதான், ஏற்கனவே வேகமெடுத்துவிட்ட நீர் அதில் மோதுகிறது. கிணற்றுநீரில் சுண்ணாம்பு கூடிய இடங்களில் வால்வின் அச்சில் வெள்ளைப் படிவு கட்டி நாக்கை இறுக்கிவிடுவதால் இந்தப் பிரச்சினை மேலும் கூடும். பல வீடுகளில் மோட்டருக்கு மேலே வால்வே இல்லை. கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஒருவழி வால்வான புட் வால்வு ஒன்றுதான் முழு இடியையும் தாங்குகிறது, அந்த இடி மோட்டரின் உடலுக்குள்ளாகவே செல்கிறது.

முதலில் இதனை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மோட்டருக்கு மேலுள்ள குழாயில் ஒருவர் கையை வைத்திருக்க, மற்றவர் மோட்டரை நிறுத்தட்டும். நிறுத்தி ஓரிரு செக்கன்களுக்குள் கையில் உதைப்பது தெரிந்தால் வால்வுதான் காரணம். அடுத்த தடவை, மோட்டருக்கு மேலுள்ள கேற் வால்வை (கையால் திருகி மூடும் வால்வை) மெதுவாக முக்கால்வாசி மூடிவிட்டு மோட்டரை நிறுத்துங்கள்; இடி தணிந்தால் ஐயமே இல்லை. கேற் வால்வை முற்றாக மூட வேண்டாம், சில சிறிய மோட்டர்கள் அதனால் பழுதாகும். தினமும் இப்படிச் செய்தே சமாளிக்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். மின்தடை உங்களிடம் சொல்லிவிட்டு வருவதில்லை.

நிரந்தரத் தீர்வாக, சுருள்வில் பொருத்திய ஒருவழி வால்வு ஒன்றை மோட்டருக்குச் சற்று மேலே நேர்க்குழாயில் பூட்டுங்கள். சுருள்வில் அதன் தட்டை நீர் திரும்பும் முன்னரே மூடிவிடும். நாக்கு வகை வால்வு ஏற்கனவே இருந்தால், அதைக் கழற்றி வினாகிரியில் சிறிது நேரம் ஊறவைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு மாற்றுவதைத் தீர்மானிக்கலாம். அத்துடன் சுவரோரக் குழாய்க்கு மூன்று அடிக்கு ஒன்றாகக் கிளிப் அடியுங்கள். எல்போவின் இரு பக்கமும் கட்டாயம் அடிக்க வேண்டும். ஒவ்வொரு இடியிலும் குழாய் அசைந்து பசை ஒட்டிய இணைப்பை நெம்புவதும், பிவிசி வெயிலில் சூடேறி வலுக் குறைவதும் சேர்ந்துதான் எல்போவை உடைக்கின்றன. வெளியே செல்லும் பகுதிக்கு வெயில் படாமல் ஒரு மறைப்புக் கொடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். 2009 இற்குப் பின்னர் மீளக்குடியமர்ந்து கட்டிய பல வீடுகளில் கிணறு, மோட்டர், தாங்கி, குழாய் எல்லாம் காசு கிடைத்தபோது ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டவை. அதனால் ஓர் அங்குலக் குழாய் நடுவில் அரை அங்குலமாகச் சுருங்கியிருப்பதைக் காணலாம். விட்டம் பாதியானால் அவ்விடத்தில் நீரின் வேகம் நான்கு மடங்காகும். செலவழிப்பதானால் அந்தத் துண்டை மாற்றச் செலவழியுங்கள்.

கேள்வி: நீர் வழங்கல் சபையின் குழாய்நீர் தாங்கியில் நிரம்பும் தறுவாயில் இரவெல்லாம் ‘டக டக’ என்று அதிர்கிறது. மோட்டர் எங்களிடம் இல்லை.
– வாசகர், வவுனியா

பதில்: உங்கள் மிதவை வால்வுதான் துடிக்கிறது. தாங்கி நிரம்பும்போது நீரின் மேற்பரப்பிலுள்ள சிற்றலைகள் மிதவையைத் தூக்கித் தாழ்த்த, வால்வு மூடித் திறந்து மூடுகிறது. பாவனை குறைந்த இரவில் குழாயின் அழுத்தம் கூடுவதால் ஓசையும் கூடும். தேய்ந்த வோஷரை மாற்றுங்கள், தாங்கிக்கு முன்னுள்ள வால்வைச் சற்றுக் குறைத்து வையுங்கள், தாங்கியின் சுவரில் குழாயை அசையாமல் இறுக்குங்கள். வால்வின் வாயிலிருந்து குழாயை நீருக்குள் அமிழ்த்தினால் ஓசை நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யவே கூடாது, வழங்கல் நின்ற வேளையில் தாங்கி நீர் சபையின் குழாய்க்குள் உறிஞ்சப்படலாம். மீற்றருக்கு வெளியே எதனையும் தொடாமல் சபைக்கு அறிவியுங்கள்.

கேள்வி: மேல்முனை மூடிய குழாய்த்துண்டு ஒன்றை நிமிர்த்திப் பூட்டினால் இடி நிற்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: உண்மை, ஆனால் சில காலத்துக்கு மட்டும். துண்டுக்குள் அடைபட்ட காற்று இடியைத் தாங்கும். அந்தக் காற்று நாளடைவில் நீரில் கரைந்துவிட, துண்டு நீரால் நிரம்பிப் பயனற்றுப் போகும். இரண்டு அடித் துண்டின் அடியில் சிறு வால்வும் வடிகுழாயும் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை நீரை வடித்துக் காற்றை மீண்டும் நிரப்ப முடியுமானால் மட்டும் பூட்டுங்கள்.

கேள்வி: ஆவணி, புரட்டாதியில் மட்டும் மோட்டர் குழாய் கடகடவென்று சத்தமிட்டு நீரைத் துப்புகிறது.
– வாசகி, மாங்குளம்

பதில்: இது நீரின் இடி அன்று; காற்று. கோடையில் கிணறு வற்றி, மோட்டருக்கும் நீர்மட்டத்துக்கும் இடையேயுள்ள உயரம் 25 அடியை நெருங்கினால் மேலேயுள்ள மோட்டரால் இழுக்க முடியாது. புட் வால்வு நீருக்குள் இரண்டடியாவது அமிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்றுப் புகுகிறதா என்று சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். மோட்டர் ஓடும்போது நுரை உள்ளிழுக்கப்படும் இடமே ஓட்டை.